டேப் இழுக்கிற இடம்

தூங்கிவிடு ராசா, இன்றைக்கு ஒரு நாள் அம்மா பேச்சைக் கேட்டுத் தூங்கிவிடு என்று மனசுக்குள் சொல்ல ஆரம்பித்து, அந்தக் 'கேட்டு' தொண்டையில் மீன்முள்ளாக நின்றதும் பாதியில் விட்டுவிட்டேன். சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. பதினொன்றேகாலுக்குள் பிள்ளை தூங்கினால் இன்றைக்கு டெஸ்ட், இல்லையென்றால் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என்று சொல்லிவிட்டு, டெஸ்ட் எடுக்கிற பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் குற்றமில்லை. தலையில் மூன்று இடத்தில் ஒயரை ஒட்டி, காதுக்குள் சத்தத்தை விட்டு, அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று மிஷின் பார்க்குமாம். பிள்ளை கையைக் காலை ஆட்டினால் மிஷின் குழம்பிவிடுமாம். சளி இருப்பதால் தூக்க மருந்தும் கொடுக்க மாட்டார்களாம். காலை நாலு மணியிலிருந்து தூங்க விடாதீர்கள், இங்கே வந்து பால் கொடுத்துத் தூங்க வையுங்கள் என்று போன வாரமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தையும் நானும் விடியற்காலையிலிருந்து மாறி மாறி அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து, கூரையில் உட்கார்ந்த காக்காயைக் காட்டி, உள்ளங்காலைச் சொறிந்து, படாத பாடுபட்டு விழிக்க வைத்தோம். சங்கரன்கோவிலில் பஸ் ஏறினோம். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்தான் கிடைத்தது. டிரைவர் கியர் போட்டுப் பத்து நிமிஷமாகவில்லை, தலை சாய்ந்துவிட்டது. அத்தை கிள்ளினாள், நான் கிள்ளினேன். ம்ஹும். திருநெல்வேலி வந்து இன்ஜினை அணைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தான். இப்போது மூன்று பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு சின்னக் கட்டிலும் போட்ட இந்த அறையில், என் மடியில் மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. நாலு பல். அவன் அப்பாவைப் போலவே வலது கன்னத்தில் குழி.

"ஏட்டி வடிவு, எதுக்கு ஊமக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்க? அந்தப் பாட்டைப் பாடேன். நீ பாடுனா அஞ்சு நிமிசத்துல ஒறங்கிருவான்லா" என்றாள் அத்தை. ஒயர் கூடையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காள், என் வீட்டுக்காரரைப் பெற்றவள், இரண்டும் அவள்தான். பாடினால் தூங்குவான், அது உண்மை. பிறந்து நாற்பதாம் நாளிலிருந்து அந்த ஒரு பாட்டுக்குத்தான் தூங்குகிறான். அதை நான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, சத்தம் கேட்டால் திரும்புகிறானா என்று நர்ஸம்மா கேட்டதற்கு, திரும்புவதா, பாட்டுப் பாடினால் தூங்கவே தூங்குவானே என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்து ஒரு டிக் போட்டார்கள். இன்று காலை இங்கே கொடுத்த பாரத்திலும் அதே கேள்வி. சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்புகிறதா? ஆம். அதற்கு மேலே இன்னொன்று. பெற்றோர் உறவுமுறையில் திருமணம் செய்தவர்களா? பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். அசல்னு போடு, சொந்தமில்லன்னு போடு என்று அத்தை தோளுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தாள். எந்த அத்தை? மூணு தலைமுறையா நாங்க வெளிய பொண்ணு குடுத்ததும் இல்ல எடுத்ததும் இல்ல என்று கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிற அதே அத்தை. இல்லை என்று போட்டேன். இரண்டு பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு, உண்மையைக் கண்டுபிடிக்கிற மிஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். டெஸ்ட்டுக்குச் சொன்னதே நாங்கள் இல்லை. சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டரம்மா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு டப்பாவைக் குலுக்கினார்கள், மறுபடியும் குலுக்கினார்கள், பிறகு சீட்டில் எழுதினார்கள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. இனிமே ஒவ்வொரு மாசமும் முக்கியம்மா, தள்ளிப் போடாதீங்க என்று மட்டும் சொன்னார்கள். ஆக, இந்தப் பதினொன்றேகாலைத் தவறவிட்டால் ஒரு மாதம். அந்த மாதத்தையும் நான் என் கையாலேயே தின்றுவிட்டதாக ஆகும்.

பாடலாம். வாயைத் திறந்தால் வந்துவிடும். வேப்பம்பூ உதிருமுன்னே வீடு வந்து சேருமய்யா என்று ஆரம்பிக்கும். எந்தப் படம் என்று எனக்குத் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. படம் நாலு நாள்கூட ஓடியிருக்காது, பாட்டு மட்டும் தப்பித்து யாரோ பதிந்து கொடுத்த கேசட்டில் வந்து சேர்ந்தது என்பார். அத்தான் என்றால் என் வீட்டுக்காரர், ஆவுடையப்பன். ஆவுடை சவுண்ட் சர்வீஸ். எங்கள் பக்கத்து ஏழெட்டு ஊரில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா எதுவானாலும் அவர் மைக் செட்தான். புளியமரத்து உச்சியில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டிவிட்டு, கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு இன்னொரு காதால் கேட்பார். எனக்குப் பதினெட்டு வயசு. எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு அவர்தான் செட். சாமி பாட்டு நாலு ஓடும், அப்புறம் இந்தப் பாட்டு ஒன்று வரும். அடுப்படியில் நின்று கேட்டேன், தண்ணீர்க் குழாயில் நின்று கேட்டேன், ஊரே கேட்டது. எனக்காகத்தான் போடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு செட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது, அவ்வளவுதான். இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் டேப் சிக்கி இழுக்கும். பாடுகிற அம்மாவின் குரல் அந்த இடத்தில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நீண்டு, நெளிந்து, பிறகு நேராகும். கேசட் போய் பென் டிரைவ் வந்தபிறகும் அந்த இழுப்பை அப்படியே ஏற்றி வைத்திருக்கிறார். நல்ல காப்பி கிடைக்கும், மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால், நம்ம பாட்டு இதுதான் என்பார். நான் பாடும்போதும் அந்த இடத்தில் இழுத்துத்தான் பாடுவேன். இழுக்காவிட்டால் அது எங்கள் பாட்டு இல்லை. ஐயோ, என்ன சுகமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மணி பத்து ஐம்பது. இவன் என் சேலை நுனியை எடுத்துச் சப்புகிறான். தூங்குகிற அறிகுறியே இல்லை.

எனக்கு வேறு மாப்பிள்ளை வந்தது. சிவகாசியில் வாத்தியார். சொந்தம் கிடையாது, சாதகம் பார்த்து வந்த அசல். அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அப்பா அதிகம் பேசமாட்டார், ரெண்டு தலைமுறை போதும் புள்ள என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, நாலு வீடு தள்ளி ஒரு காதுகுத்து. அத்தான் செட். பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் நடுவீட்டுக்கு வரும்போது பாட்டு ஆரம்பித்தது. முடிந்தது. திரும்ப ஆரம்பித்தது. மூன்றாம் தடவையும் ஆரம்பித்தபோது அந்த வாத்தியார், இந்த ஊர்ல வேற பாட்டே கெடையாதா என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நல்ல மனுஷன்தான்.  தட்டை வைத்துவிட்டு உள்ளே போய், கட்டினா அத்தானைக் கட்டுதேன், இல்லன்னா கெணத்துல விழுதேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அத்தைக்கு வாயெல்லாம் பல். காதல் கல்யாணம் என்று நான் நினைத்துக்கொண்டேன், முறைமாப்பிள்ளை கல்யாணம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், ஒரே பந்தலில் இரண்டும் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பயாலஜி டீச்சர் நடத்தியிருக்கிறார்கள். நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் வரும் கேடுகள் யாவை? ஐந்து மார்க் கேள்வி. நான் ஐந்தும் வாங்கினேன். பரீட்சையில் எழுதியது யாரோ முகம் தெரியாத ஆட்களைப் பற்றி, பாட்டு எங்களைப் பற்றி. இப்போது யோசித்தால், பாட்டு இல்லாவிட்டாலும் கடைசியில் அத்தை என்னை இழுத்துக்கொண்டு போய் அத்தானுக்குத்தான் கட்டி வைத்திருப்பாளா, அப்படியென்றால் என்மேல் தப்பில்லையா, அல்லது பாட்டு இல்லாதிருந்தால் நான் அப்பா சொன்னதைக் கேட்டிருப்பேனா, அந்த வாத்தியாருக்குப் பிறந்திருந்தால் இவன் காது, சே, இவன் எப்படி இவனாக இருப்பான், இந்தக் கன்னத்துக் குழி எங்கிருந்து வரும்? சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன். செக்குமாடு தேவலாம், அதற்கு எண்ணெயாவது மிஞ்சும்.

ரத்தம்தான் காரணமா? இவன் வயிற்றில் இருந்த அஞ்சாம் மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்ததே, அதுவா? மாத்திரை சாப்பிட்டேனே, அதுவா? பிறந்து நாலாம் நாள் மஞ்சள் காமாலை என்று விளக்கடியில் வைத்தார்களே. காதுக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, திங்கட்கிழமை வரை இருங்கள் என்று நர்ஸ் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமை நாள் நல்லா இருக்கு, பச்சப்புள்ளைக்கு எதுக்கு டெஸ்ட்டு என்று கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தோமே. அப்புறம் அந்தப் பெட்டி. வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நான் ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அத்தான்தான் உட்காரச் சொன்னார். பிள்ளைக்கு இப்பவே நம்ம பாட்டைப் பழக்கு என்றார். பாட்டு ஓட ஓட வயிற்றில் குதித்தான். என் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தார், அப்படியே அவர் கையையும் மேலே வைத்துக்கொண்டார். அத்தனை பேர் இருக்கிற பந்தலில். வெட்கமாக இருந்தது, கையை எடுக்கவும் மனசில்லை. அன்றைக்கு மாதிரி சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. அந்தச் சத்தம்தான் காதைக் கெடுத்துவிட்டதா என்று இப்போது நினைக்கிறேன். என்னிடம் இருக்கிற நல்ல நாள் ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்து, இதனாலா, இதனாலா என்று முகர்ந்து பார்க்கிறேன். ஒன்றுகூட நல்லதாக மிஞ்சாது போலிருக்கிறது.

எனக்குத் தெரியும். யாரிடம் மறைக்கிறேன்? இந்த அறையில் மின்விசிறியைத் தவிர யார் இருக்கிறார்கள் என் மனசைக் கேட்க? இவன் பிறந்த அஞ்சாம் மாதமே எனக்குத் தெரியும். மாசியில் எங்கள் அம்மன் கொடை. மத்தியானக் கொடைக்குப் பெண்களெல்லாம் பிள்ளைகளோடு பந்தலில் இருந்தோம். அத்தான் ஏதோ ஒயரை மாற்றிக் குத்தியதில் பெரிய பெட்டி பட்டென்று வெடித்தது மாதிரி ஒரு சத்தம். வேட்டுப் போட்டாலும் அப்படி இருக்காது. பந்தலில் இருந்த அத்தனை கைக்குழந்தையும் வீறிட்டது. பக்கத்து வீட்டுச் செல்வியின் குழந்தை நீலம் பாரித்து அழுதது. என் மடியில் இவன் தோரணத்தில் ஆடிய மாவிலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணிமை அசையவில்லை. பார்த்தியா, மைக் செட்காரன் புள்ளலா, சத்தத்துக்குப் பயப்படுவானா என்று யாரோ சொன்னார்கள். பந்தலே சிரித்தது. அத்தான் ஓடி வந்து இவனைத் தூக்கித் தலைக்கு மேல் காட்டினார். பெட்டிமேல் பிடித்து உட்கார வைத்தார். இடி மாதிரி தவில் அதிர்கிற பெட்டிமேல் இவன் கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொட்டுக்காரர்கூட வந்து கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஜெனரேட்டர் ஓடுகிற லோடு ஆட்டோவில் போட்டால் தூங்குகிறான், தொழில்காரன் பிள்ளை. ஆம்ப்ளிஃபயர் மேல் கன்னத்தை வைத்துப் படுக்கிறான், தொழில்காரன் பிள்ளை. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அன்று சாயங்காலம் அவன் தலைமாட்டில் நின்று கையைத் தட்டப் போனேன். இரண்டு கையையும் விரித்துவிட்டேன். தட்டவில்லை. தட்டினால் தெரிந்துவிடும். விரித்த கையை அப்படியே கொண்டுபோய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன். நாலு மாதமாக மடித்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டையும் அப்படித்தான் பாடினேன். தொட்டிலில் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பாடியதே இல்லை. நெஞ்சோடு அணைத்து, அவன் வலது கையை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொண்டுதான் பாடுவேன். அது எப்படி வந்தது? முதலில் அவனாகத்தான் வைத்தான். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை, கையை அளைந்து அளைந்து என் தொண்டைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டான். நான் பாட்டை நிறுத்தினால் விரலால் பிறாண்டுவான், மறுபடி பாடினால் விரல் அடங்கும். டேப் இழுக்கிற இடம் வரும்போது அவனுக்குச் சிரிப்பு வரும். தூக்கத்திலும் உதடு கோணும். பார்த்தீர்களா, பாட்டை எப்படி ரசிக்கிறான் என்று அத்தானிடம் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. நம்ம பாட்டுடி என்றார். அந்த மனுஷனிடம் நான் எப்படிச் சொல்வேன்? உலகத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ஒரு சத்தத்தை எடுத்து இன்னொரு காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஏழு ஊருக்குச் சேர்ப்பார்.

பதினொன்று ஐந்து. பாடச் சொல்லி அத்தை மறுபடி முழங்கையால் இடித்தாள். திடீரென்று எனக்கு ஒரு வெறி வந்தது. எத்தனை நாளைக்கு இந்தப் பிழைப்பு? மிஷின் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டுமா, பெற்றவள் நான் இருக்கும்போது? இவனைக் கொண்டுபோய்க் கட்டிலில் ஒருக்களித்துப் போட்டேன், முகம் சுவரைப் பார்த்து. இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். வேப்பம்பூ உதிருமுன்னே. நன்றாகவே பாடினேன். எட்டு ஊர் கேட்கிற மாதிரி, அத்தானின் குழாய் மாதிரி. வீடு வந்து சேருமய்யா. வராந்தாவில் போன ஒரு பெரியவர் நின்று எட்டிப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். எல்லோரும் திரும்பினார்கள். இவன் சுவரில் உரிந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். திரும்பு. இந்தா, அம்மா. திரும்புலே. இரண்டாவது அடி. இவன் திரும்பினால் உன்னிடம் வேறெதுவும் கேட்கமாட்டேன், அம்மனுக்கு நாக்கில் அலகு குத்திக்கொள்கிறேன், என் காது ரெண்டையும் எடுத்துக்கொள் தாயே, இவனை ஒரே ஒரு தடவை திரும்ப வை. சுண்ணாம்புத் துண்டு ஒன்று பெயர்ந்து கையில் வந்தது. அதை வாயில் வைக்கப் போனான். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். என் நிழலைப் பார்த்ததும் திரும்பி, அந்த நாலு பல்லையும் காட்டிச் சிரித்தான், அம்மா எப்போது வந்தாய் என்பதுபோல்.

அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் அத்தை என்னைப் பார்த்தபடி இருந்தாள். நான் எதற்குத் தள்ளி நின்று பாடினேன் என்று அவள் கேட்கவில்லை. கூடைக்குள் கையை விட்டு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள், பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிற சின்னத் தட்டு. இந்த ஒரு மாதமாக அடுப்படியில் தட்டு விழுந்துகொண்டே இருக்கும். வயசாகிவிட்டது, அத்தைக்குக் கைப்பிடி தளர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இப்போது தட்டை மடியில் வைத்து, அதன் விளிம்பில் இருந்த நசுங்கலை விரலால் தடவினாள்.

"கை தவறி விழல, வடிவு."

நான் இவனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டேன்.

"இவன் தவழ்ந்து அடுப்படிக்கு வரும்போதெல்லாம் பொறத்தால நின்னு போட்டேன். தெனம் போட்டேன். ஒரு நாளாவது பயந்து அழுதுற மாட்டானான்னு." அவள் குரல் நடுங்கவில்லை, மூக்கு மட்டும் சிவந்துவிட்டது. "ஒங்கிட்ட எப்பிடிட்டி சொல்லுவேன்? ரத்தம் ரத்தம்னு ஒன்ன இழுத்துட்டு வந்தவ நான்."

நான்தான் வந்தேன் அத்தை, பாட்டைக் கேட்டு நான்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் போன் அடித்தது. அத்தான். ராஜபாளையத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம், விடமுடியாத வேலை. காலையில் பஸ் ஏற்றிவிடும்போதே, டெஸ்ட்டுக்கு முன்னால கூப்பிடுதேன் என்று சொல்லியிருந்தார். எடுத்தால் முதலில் நாதஸ்வரம், கூட்டம், பந்தி கூப்பிடுகிற சத்தம், அதற்குள்ளிருந்து அவர்.

"ஒறங்கிட்டானா வடிவு?"

"இல்ல அத்தான்."

"எனக்குத் தெரியும் ஒறங்கமாட்டான்னு. கொட்டு இப்ப நின்னுரும். நம்ம பாட்டைப் போடுதேன். போனை ஸ்பீக்கர்ல போட்டு அவன் காதுல வையி. அப்பா பாட்டுன்னு சொல்லு."

வேண்டாம் என்று சொல்வதற்குள் நாதஸ்வரம் நின்றது. ஒரு உறுமல், ஒரு கொறகொறப்பு, பிறகு பாட்டுக்கு முன்னால் வருகிற அந்தப் புல்லாங்குழல். தாலி கட்டின வீட்டில், யாருடைய கல்யாணத்திலோ, அறுநூறு பேர் சாப்பிடுகிற மண்டபத்தில் எங்கள் பாட்டு ஆரம்பித்தது. முதன்முதலாக அதைக் கேட்ட அன்று குடத்தில் இருந்த தண்ணீர் என் இடுப்பில் வழிந்த குளிர்ச்சி இப்போதும் வந்தது. பாழாய்ப்போன உடம்பு, இந்த நேரத்திலும் அதற்கு அது வருகிறது. போனை இவன் காதில் வைத்தேன். தலையை இழுத்துக்கொண்டான். இன்னொரு காதில் வைத்தேன். போனைப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தான், ஸ்பீக்கர் ஓட்டையில் எச்சில் வடிய வாயை வைத்துக் கடித்தான். வாய்க்குள்ளிருந்து அந்தப் பாட்டுக்கார அம்மா பாடினாள். முதல் சரணம் முடிந்தது. பாட்டுக்கு நடுவில் அவர் குரல், மைக்கில் இல்லை, வாயைக் கையால் பொத்திக்கொண்டு ரகசியமாக, ஒரு சின்னப் பையன் கேட்பதுபோல் கேட்டார்.

"கேக்கானா?"

எத்தனை தடவை இதைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான், கேக்கான் அத்தான், சிரிக்கான் அத்தான் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு தடவை சொல்லலாம். இந்தக் கல்யாண வேலை முடியட்டும், சாப்பிடட்டும், வீட்டுக்கு வரட்டும். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிகூட இருக்கிறது. இந்த ஒரு மாதமாவது அவருக்கு இருக்கட்டுமே. அத்தை என் முகத்தையே பார்த்தாள். தட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"கேக்கல அத்தான்" என்றேன். "பொறந்ததுலேர்ந்தே கேக்கல. எனக்குத் தெரியும்."

  பாட்டு மட்டும் ஓடியது, இரண்டாவது சரணம், அந்த அம்மா ஏறி ஏறிப் போனாள், இதோ டேப் இழுக்கிற இடம் வரப்போகிறது. அதற்கு ஒரு அடி முன்னால் பட்டென்று நின்றுவிட்டது. அவர் நிறுத்திவிட்டார். எங்கள் பாட்டை அவர் பாதியில் நிறுத்தியதே கிடையாது. கரண்டு போனால்கூட ஜெனரேட்டரைப் போட்டு விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டுத்தான் மறு பாட்டு. ஏம்ப்பா செட்டு, என்னாச்சு என்று அங்கே யாரோ கூப்பிட்டார்கள். தட்டும் கரண்டியும் இடிக்கிற சத்தம் கேட்டது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பதினொன்று பத்து. இவன் போனை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினான். அவனை நெஞ்சோடு எடுத்தேன். கை தானாக வந்தது, அளைந்து அளைந்து தொண்டைக்கு வந்து நின்றுகொண்டது. நான் அத்தான் விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். டேப் இழுக்கிற இடத்தை இழுத்தே பாடினேன், ஆட்டுக்குட்டி மாதிரி. அழுகையில் அது தானாகவே இழுத்தது. இவன் உதடு கோணிற்று. சிரித்தான். திரும்ப முதலிலிருந்து பாடினேன். நாற்காலியில் கிடந்த போன் வழியாக அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். டேப் இழுக்கிற இடம் மறுபடி வருமுன்னே இவன் இமை சொருகிற்று, மூச்சு நீண்டது, உடம்பு கனத்தது.

கதவு திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "தூங்கிட்டானா? பரவால்லயே, பாட்டுக் கேட்டுத் தூங்குறான்." நான் தலையாட்டவில்லை. பாடிக்கொண்டே அத்தையைப் பார்த்தேன். அத்தை எழுந்தாள்.

"அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்கம்மா. ரெண்டு எடத்துல தப்பா எழுதிருக்கோம். மருமவ இல்ல, நான் சொல்லித்தான் எழுதுனா. இவ எந் தம்பி மக. சொந்தம். அவங்க அப்பா அம்மாவும் சொந்தம். இன்னொண்ணு, சத்தத்துக்குத் திரும்பமாட்டான்."

அந்தப் பெண் உள்ளே போய்ப் பாரத்தை எடுத்து வந்தாள். பேனாவை எடுத்து இரண்டையும் அடித்து எழுதினாள். வாங்க, மெதுவா, முழிச்சிராம என்றாள். உள்ளே குளிராக இருந்தது. சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தார்கள், என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. அவள் நெற்றியில் ஒன்று, காதுக்குப் பின்னால் இரண்டு என்று பஞ்சால் துடைத்து ஒட்டினாள். அவன் அசையவில்லை. மடியிலேயே இருக்கட்டும் என்றாள். பிறகு மிஷின்முன் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போதும்மா. இனிமே பாடக்கூடாது. உள்ள ஒரு சத்தமும் இருக்கக்கூடாது."

நிறுத்தினேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். என் தொண்டையில் கிடந்த விரல்கள் ஒருமுறை அசைந்தன, மெதுவாகப் பிறாண்டின.